பைலட் படிப்புக்கு எந்த வழி: பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

பைலட் ஆக வேண்டும் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாலைந்து பயிற்சிப் பள்ளிகளின் கட்டணத்தை வரிசையாக எழுதி வைத்து, குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தான கணக்கு. நான் வேறொரு கேள்வியை முதலில் கேட்பேன். நடுவழியில் உடம்போ, பள்ளியோ, விமான நிறுவனமோ கைவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? அதுவரை படித்ததற்கு அத்தாட்சியாகக் கையில் என்ன இருக்கும்?

முதலில் ஏணியின் படிகள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி தனியார் பைலட் லைசென்ஸுக்கு, அதாவது பிபிஎல்லுக்கு, 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு பறக்க உதவும் சிபிஎல்லுக்கு 18 வயது, 200 மணி நேரம்; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150 போதும். கேப்டன் இருக்கைக்கான ஏடிபிஎல்லுக்கு 21 வயது, 1,500 மணி நேரம். இது அடிமட்ட அளவு; ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஏற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பயணிகள் விமானத்தின் துணை பைலட்டுக்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2009இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தின் விளைவு அது.

இந்த ஏணியில் ஏற இரண்டு பழைய வழிகள் உண்டு: இன்டக்ரேட்டட், மாடுலர்.

இன்டக்ரேட்டட் என்றால் ஒரே பள்ளி, ஒரே மூச்சு, முழுநேரம். ஐரோப்பிய விதிகளில் இந்தப் படிப்புக்குக் குறைந்தது 750 மணி நேர வகுப்பும் 195 மணி நேரப் பறப்புப் பயிற்சியும் உண்டு. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேறு வேலை பார்க்க முடியாது. ஒழுங்கு இருக்கும், சக மாணவர்கள் இருப்பார்கள், நேற்றுப் படித்தது இன்று மறக்காது. நல்ல பள்ளியென்றால் விமான நிறுவனங்களுக்கும் அதன் மாணவர்களைத் தெரிந்திருக்கும். குறை எங்கே என்றால், கட்டணம் பெரிய பெரிய தவணைகளாக முன்கூட்டியே போய்விடும். பல பள்ளிகளில் இடையில் பிபிஎல் கூட எடுக்க வைப்பதில்லை. ஒன்றரை ஆண்டு முடித்து நின்றுபோனவரிடம் பறப்புப் பதிவேடு இருக்கும், லைசென்ஸ் எதுவும் இருக்காது.

பள்ளியே மூடப்படுவதும் கற்பனை இல்லை. 2023இல் ஸ்காட்லாந்தில், பல பத்தாண்டுகளாக நடந்துவந்த ஒரு பயிற்சிப் பள்ளி திவாலானது. பேர் போன பள்ளி, பழைய பள்ளி என்பதெல்லாம் கட்டிய பணத்துக்குக் காப்பீடு ஆகாது. முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், நான் அதைச் சலுகையாகப் பார்க்க மாட்டேன். அவர்களுக்குக் கைப்பணம் தட்டுப்பாடோ என்றுதான் யோசிப்பேன்.

மாடுலர் வழி துண்டு துண்டாகப் போவது. முதலில் பிபிஎல், பிறகு மணி நேரம் சேர்த்தல், எழுத்துத் தேர்வுகள், சிபிஎல், இரட்டை எஞ்சின், கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி. ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் அதற்கான சான்று உங்கள் பெயரில் இருக்கும். வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அடுத்த துண்டை வாங்கலாம், பள்ளி பிடிக்கவில்லையென்றால் மாறலாம். மொத்தச் செலவும் பெரும்பாலும் குறைவுதான்.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அதன் பெயர் நாள்காட்டி. ஐரோப்பிய முறையில் ஏடிபிஎல் எழுத்துத் தேர்வு 13 பாடம். எழுதத் தொடங்கி 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் தேற வேண்டும். தேறிய பிறகு 36 மாதத்துக்குள் சிபிஎல்லும் கருவிப்பறப்புத் தகுதியும் எடுக்காவிட்டால் தேர்ச்சி காலாவதி. பணம் தீர்ந்து ஓர் ஆண்டு நின்றவர், திரும்பி வந்து பழைய கைப்பழக்கத்தை மீட்க மறுபடி செலவழிப்பார். அதனால் எழுத்துத் தேர்வுக்குப் பிந்திய கட்டத்துக்கான பணம் கண்ணில் தெரியும்வரை முதல் தாளை எழுதாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது வழி கேடட் திட்டம், அதாவது ஒரு விமான நிறுவனம் தன் பெயரில் ஆளெடுத்துப் பைலட்டாகப் பயிற்றுவிப்பது. எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், எல்லோரும் தவறாகப் படிப்பதும் இதைத்தான். ஏனென்றால் அந்த ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்பனையாகின்றன.

ஒன்று, நிறுவனமே செலவை ஏற்பது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் தொடங்கிய ஸ்பீட்பேர்டு பைலட் அகாடமி இந்த வகை; ஒருவருக்குச் சுமார் 1 லட்சம் பவுண்டு வரையிலான பயிற்சிச் செலவு நிறுவனத்துடையது. இடம் சொற்பம், விண்ணப்பம் ஆயிரக்கணக்கில். இரண்டு, நிறுவனம் இப்போது செலவழித்துவிட்டுப் பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வது, கூடவே இத்தனை ஆண்டு விலகக்கூடாது என்று பாண்ட். மூன்று, நீங்களே முழுப் பணமும் கட்டுவது. நிறுவனம் தன் சின்னத்தையும், நிபந்தனைக்கு உட்பட்ட வேலை வாக்குறுதி ஒன்றையும் மட்டும் தருவது. விளம்பரப் படத்தில் மூன்றும் ஒரே சீருடைதான் போட்டிருக்கும்.

மூன்றாவது வகையில் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி இதுதான்: "நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து". அந்த வரி இருந்தால் வேலை உறுதி இல்லை, அவ்வளவுதான். 2020இல் கொரோனாவால் விமானங்கள் பறக்காமல் நின்றபோது உலகெங்கும் கேடட்கள் இதை உணர்ந்தார்கள். பாண்ட் இருந்தால், ஆண்டு செல்லச் செல்லப் பிணைத்தொகை குறைகிறதா, கடைசி நாள்வரை அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் கட்டணத்துக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். சின்னத் தொகை இல்லை அது.

கேடட் திட்டங்கள் சிலவற்றில் சிபிஎல்லுக்குப் பதில் எம்பிஎல் (மல்டி-க்ரூ பைலட் லைசென்ஸ்) என்ற லைசென்ஸ் தருவார்கள். 2006இல் அறிமுகமானது. குறைந்தது 240 மணி நேரம், அதில் பெரும்பகுதி சிமுலேட்டரில். தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் சேர்ந்து இயக்கப் பழக்குவார்கள். பயிற்சியாகப் பார்த்தால் எனக்கு இது மிகவும் பிடித்த முறை, விமான நிறுவன வேலைக்கு நேராகத் தயார் செய்வது. ஆனால் அந்த லைசென்ஸை வைத்துத் தனியாகச் சின்ன விமானத்தில் பறந்து சம்பாதிக்க முடியாது. அதற்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். பயிற்சியை நடத்தும் நிறுவனம் பாதியில் கழன்றுகொண்டால், சிபிஎல் வைத்திருப்பவருக்கு உள்ள மாற்று வழிகள் எம்பிஎல்காரருக்கு இருக்காது.

சரி, பணம். உதவித்தொகையா கடனா என்பதையும் மேலே சொன்ன வழிகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டியவை.

உதவித்தொகைகளில் பெரும்பாலானவை முழுப் படிப்புக்கும் கொடுப்பதில்லை. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானப் பயிற்சி, முதல் தனிப்பறப்பு, பிபிஎல் என்று அடிப்படிகளுக்குத்தான் கை கொடுக்கும். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்தின் துணை பைலட்டாக இருந்த லெராய் ஹோமர் பெயரால் அமைந்த அறக்கட்டளை, இளைஞர்களின் பிபிஎல் பயிற்சிக்கு உதவுகிறது. 1929இல் அமெரிக்காவில் 99 பெண் பைலட்டுகள் தொடங்கிய, அமீலியா ஏர்ஹார்ட் முதல் தலைவராக இருந்த நைன்ட்டி நைன்ஸ் அமைப்பும் பெண்களுக்கு உதவித்தொகை தருகிறது; அதில் பிபிஎல்லுக்கு மேற்பட்ட தகுதிகளுக்கும் இடமுண்டு. இன்னும் சின்ன வயதென்றால், 1992 முதல் யங் ஈகிள்ஸ் திட்டம் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை இலவசமாக வானில் ஏற்றிக் காட்டி வருகிறது.

இங்கேதான் வழியின் தேர்வு உதைக்கிறது. உதவித்தொகையில் பிபிஎல் எடுத்துவிட்டு மாடுலரில் தொடர்ந்தால், அந்தப் படி முழுசாகக் கணக்கில் ஏறும். அதே ஆள் ஐரோப்பிய இன்டக்ரேட்டட் படிப்பில் சேர்ந்தால், முன்பு பறந்த நேரத்தில் பாதியைத்தான், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள்தான், கழித்துக்கொடுப்பார்கள். இலவசமாகக் கிடைத்ததில் பாதிக்கு மறுபடி பணம் கட்டுவது போல.

கடன் என்றால் இன்டக்ரேட்டட் பள்ளிகளுக்குத்தான் எளிதில் கிடைக்கும், ஒரே ரசீது என்பதால். வட்டி விகிதத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். தவணை என்றைக்குத் தொடங்கும் என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. சிபிஎல் கைக்கு வந்த நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. 1,500 மணி நேர விதியுள்ள அமெரிக்காவில் பலர் அந்த இடைவெளியைப் பயிற்றுநராக வேலை பார்த்து நிரப்புகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானவியல் பட்டம் படித்தவருக்கு அது 1,000 மணி நேரமாகக் குறையும். வீட்டை அடமானம் வைத்துத்தான் கடன் என்றால் மாடுலரில் மெதுவாகப் போகச் சொல்வேன், இரண்டு ஆண்டு தாமதமானாலும்.

எந்த வழியானாலும், முதல் செலவு, தொழில்முறை பைலட்டுகளுக்கான 'கிளாஸ் 1' மருத்துவப் பரிசோதனையாக இருக்கட்டும். நிறப்பார்வையில் குறை இருப்பது பலருக்கு அங்கே போய்த்தான் தெரியும். கல்விக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

அப்புறம், விமானத் துறை என்றால் விமானி அறை மட்டுமில்லை. பராமரிப்பு எஞ்சினியர் வழியில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தால் சம்பளத்தோடு கற்கலாம். அமெரிக்க மெக்கானிக் லைசென்ஸுக்குப் பயிற்சிப் பள்ளி வழியும் உண்டு, பள்ளிக்கே போகாமல் 30 மாத வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதும் வழியும் உண்டு. ராணுவத்தில் பறக்கக் கற்றால் காசு செலவில்லை, விலையைப் பணி ஆண்டுகளாகக் கட்ட வேண்டும். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சியில் பல நாடுகள் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் தருகின்றன. ஓக்லஹோமா நகரில் உள்ள அமெரிக்க அரசு அகாடமியும் அப்படித்தான். நான் கேட்ட கேள்விக்கு மிகப் பாதுகாப்பான விடை இதுதான்: பாதியில் நின்றாலும் கடன் இருக்காது. பைலட் தேர்வுகளை நாலு முறை முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் இந்தக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு வரலாம் என்று நினைப்பவர்கள் வயதைக் கவனிக்க வேண்டும். அனுபவமில்லாத புதியவர்களுக்கு அமெரிக்காவில் 31 வயது நிறைந்துவிட்டால் கதவு மூடிவிடும்.