நிக்கான் டி750, 85 எம்எம் லென்ஸ்: செட்டிநாட்டுத் திருவிழா மேடைகளில் பல வருட அனுபவம்

திருவிழாக் கச்சேரியில் பாடுகிறவரைப் படம் எடுக்க நூறு செல்போன் எழும்பும். பின்னால் ரிதம் பேட் வாசிப்பவரையும் ஓரத்தில் தபேலாவோடு உட்கார்ந்திருப்பவரையும் எடுக்க ஒருவரும் வருவதில்லை. குழுவின் ஃபிளெக்ஸில் அவர்கள் படம் இருக்காது. இருந்தாலும் ஆதார் அட்டைக்கு எடுத்த முகம்தான் இருக்கும். நான் கேமரா வாங்கியதே இவர்களுக்காகத்தான். காரைக்குடியைச் சுற்றிக் கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர், குன்றக்குடி என்று எந்த ஊரில் காப்புக் கட்டினாலும், கச்சேரி என்றைக்கு என்று விசாரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தப் பையில் பல வருடமாக இருப்பது நிக்கான் டி750 பாடி, எஃப் 1.8 திறப்புள்ள (இந்த எண் சிறுத்தால் லென்ஸ் அகலத் திறக்கும், வெளிச்சம் கூடுதலாக வரும்) 85 எம்எம் லென்ஸ், அதே திறப்பில் ஒரு 50 எம்எம். அவ்வளவுதான்.

டி750, 2014-இல் வந்த கேமரா. 24 மெகாபிக்சல், ஃபுல் பிரேம் சென்சார், அதாவது பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு. நான் பழசாகத்தான் வாங்கினேன். புதுசுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் பாடியும் லென்ஸும் சேர்ந்தே வந்துவிட்டன. பேட்டரியோடு 840 கிராம், 85 எம்எம் லென்ஸ் 350 கிராம். ராத்திரி முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தாங்கக்கூடிய எடைதான்.

இந்தக் கேமராவில் நான் அதிகம் நம்புவது சென்சாரைக்கூட இல்லை, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரிங்கைத்தான். ஹைலைட்-வெயிட்டட் மீட்டரிங் என்று ஒன்று இருக்கிறது. புள்ளிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்ட அடையாளம். நம்ம ஊர் மேடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் கறுப்புத் துணி, முன்னால் ஒரே ஒரு முகத்தில் மட்டும் பளீரென்று வெளிச்சம். சாதாரண மீட்டரிங் அந்தக் கறுப்பையெல்லாம் பார்த்து ‘இருட்டு அதிகம்’ என்று கணக்குப் போட்டு, முகத்தைச் சுண்ணாம்பு மாதிரி வெளுக்க வைத்துவிடும். இந்த மீட்டரிங் படத்தில் எது மிகப் பிரகாசமோ அதைக் காப்பாற்றுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்கிறது. முகம் தப்பிக்கும், மற்றதெல்லாம் இருண்டு போகும். இருண்டதை ரா கோப்பில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். இந்த சென்சார் அதற்கு நன்றாகவே ஈடு கொடுக்கும். வெளுத்துப்போன நெற்றியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அடுத்தது வெளிச்சம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக மேடைப் படம் எடுக்க வருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ‘அண்ணே, படத்தில் கோடு கோடாக விழுகிறது, கேமரா போச்சா?’ என்பார்கள். கேமராவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் அதனால் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும், கோடு வராது. 1/50 என்றாலும் சரி. 1/500-க்குப் போனால் ஷட்டர் ஒரு பிளவாகத்தான் சென்சாரைக் கடக்கும். மேலே ஒரு வெளிச்சம், கீழே ஒரு வெளிச்சம் என்று விழும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்இடி பார் (PAR) லைட்டுகள் இதைவிட வேகமாக அணைந்து எரிபவை. அவற்றுக்கும் மெதுவான ஷட்டர்தான் பாதுகாப்பு.

அதனால் என் கணக்கு எப்போதும் 1/100, எஃப் 2, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200 என்று தொடங்கும். அதிலிருந்துதான் ஏற்றம் இறக்கம் எல்லாம். டி750-இல் ஐஎஸ்ஓ 6400 வரை நான் யோசிக்காமல் போவேன். ஆறுக்கு நாலு பிரிண்டில் குருணை ஒன்றும் தெரியாது.

ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் இந்தக் கணக்கும் ஆட்டம் காணும். சீரியல் செட், பாக்ஸ், லைட் எல்லாவற்றையும் ஒரே ஜெனரேட்டர் இழுக்கும்போது அதன் ஓட்டம் சரியாக 50-இல் நிற்பதில்லை. அப்போது 1/80, 1/100, 1/125 மூன்றிலும் இரண்டிரண்டு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, எதில் கோடு இல்லையோ அதோடு இருந்துவிடுவேன். டி750-இல் ஃபிளிக்கரை, அதாவது லைட்டின் இந்தத் துடிப்பை, தானே கண்டுபிடித்து ஷட்டரைத் தள்ளிப்போடும் வசதி கிடையாது. நிக்கானில் அது பிறகு வந்த மாடல்களில்தான் வந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய மாடலுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுக்க மாட்டேன்.

நிறம் இன்னொரு பிரச்சினை. லைட் போடுகிறவருக்கு நீலம் ரொம்பப் பிடிக்கும். முழு நீலத்தில் நனைந்த முகத்தை எடுத்தால், சென்சாரில் நீலத்துக்கான புள்ளிகள் மட்டுமே வேலை செய்யும். அவை மொத்தத்தில் நாலில் ஒரு பங்குதான். சிவப்புக்கும் இதே கதைதான். கூர்மை போய்விடும், கண் இமை எது புருவம் எது என்று தெரியாது. பாட்டுக்கு நடுவே நிறம் மாறி மஞ்சளோ வெள்ளையோ வரும் அந்த இரண்டு நொடிக்குக் காத்திருப்பதே நல்லது. இல்லையென்றால் கச்சேரி தொடங்குமுன் போய், ‘அண்ணே, தபேலாக்காரர் பக்கம் ஒரு வார்ம் வைட் மட்டும் நிறுத்தி வைங்கண்ணே’ என்று கேட்டுப் பாருங்கள். முகம் கோணாமல் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுக்கிறார்கள். நீலத்திலேயே கிடைத்த நல்ல முகங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவேன்.

யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு வெளிச்சம் உண்டு. கீபோர்டு வாசிப்பவர் பாட்டின் கார்டுகளை (chords, சேர்த்து வாசிக்கும் சுரங்களின் குறிப்பு) பார்க்க செல்போனையோ டேப்லெட்டையோ ஸ்டாண்டில் வைத்திருப்பார். மேடை லைட் எல்லாம் பாடகர் மேல் போய்விட்ட நேரத்தில், அந்தத் திரையின் வெளிச்சம் மட்டும் அவர் தாடையிலும் மூக்கு நுனியிலும் கண்ணாடி விளிம்பிலும் படியும். ஐஎஸ்ஓ 6400, எஃப் 1.8. அடுத்த பக்கத்துக்கு விரலால் தள்ளும்போது முகம் ஒரு கணம் கூடுதலாக ஒளிரும். நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் பாதி இப்படி வந்தவைதான். ஃபிளாஷ் போட்டிருந்தால் அதில் ஒன்றுகூட வந்திருக்காது. கச்சேரியில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பாட்டு வரியைப் பார்த்துப் பாடுகிறவர் கண்ணில் அடித்தால் அடுத்த வரி அவருக்குத் தெரியாமல் போகும்.

85-ஆ 50-ஆ என்று கேட்டால், மெல்லிசை மேடைக்கு 85, நையாண்டி மேளத்துக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் 50. மேடை முன்னால் பாயில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை மறைக்காமல் ஓரத்தில் முட்டி போட்டு எடுக்க 85 போதும். நையாண்டி மேளத்தில் ஆட்களே நம்மைச் சுற்றி வருவார்கள், 85 வைத்தால் பாதி முகம்தான் உள்ளே நிற்கும். புழுதிக்காகவும் நான் ஒரு ராத்திரிக்கு ஒரு லென்ஸ் என்றே போகிறேன். சித்திரை, வைகாசியில் நம்ம செம்மண் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திறந்த இடத்தில் லென்ஸை மாற்றினால் சென்சாரில் அப்பிக்கொள்ளும்.

நாதஸ்வரத்தை 85-இல் எடுப்பது தனி வித்தை. மூன்று மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் கூர்மையாக விழுவது சுமார் 13 சென்டிமீட்டர் ஆழம்தான். வாத்தியமோ கிட்டத்தட்ட மூன்று அடி நீளம். நேர் எதிரே நின்றால் வாத்தியத்தின் விரிந்த நுனியான அனசு கூர்மையாகும், முகம் கரைந்துவிடும். அதனால் பக்கவாட்டுக்கு வந்து எஃப் 2.8-க்கு இறக்கி, உதட்டில் சீவாளி (ஊதும் நாக்கு) பதிந்திருக்கும் இடத்தில் ஃபோகஸ் வைப்பேன். அந்தக் கோணத்தில் கன்னம் புடைப்பதும், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட மாற்றுச் சீவாளிகள் மூச்சுக்கு மூச்சு ஆடுவதும் சேர்ந்தே கிடைக்கும்.

தவிலுக்கு வேகம் வேண்டும். வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) கூடு மாட்டிய விரல்கள், இன்னொரு பக்கத்தில் குச்சி. 1/100-இல் இரண்டுமே புகை மாதிரி கரையும். அந்தக் கரைவு எனக்குப் பிடிக்கும், முகம் மட்டும் அசையாமல் இருந்தால் போதும். முகம் எப்போது அசையாது என்பதைக் கேமரா சொல்லாது, பாட்டுத்தான் சொல்லும். புறப்பாட்டில் பழக்கமான ஒரு தவில் வித்வான்தான் இதை எனக்குச் சொல்லித் தந்தார். ‘தம்பி, நான் தலையை ஆட்டும்போது எடுக்காதீங்க. தீர்மானம் மூணாவது தடவை வந்து முடியும் பாருங்க, அப்ப எடுங்க.’ தீர்மானம் என்பது மூன்று தடவை வாசித்து முடிக்கும் முத்தாய்ப்பு. அவர் சொன்னபடியே மூன்றாவது சுற்று சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும் நொடியில் இரண்டு தவில்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். தாளம் போட்டுக்கொண்டே காத்திருந்தால் ஒரே படத்தில் அது கிடைத்துவிடும். நொடிக்கு ஆறரைப் படம் எடுக்கும் வேகம் இந்தக் கேமராவில் உண்டு, ஆனால் இந்த இடத்தில் அது தேவைப்படவே இல்லை.

குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) பிறந்த பக்கம் இது. வயலினுக்குப் பக்கத்தில் வலயப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை உட்காரவைத்து ஊர் ஊராக வாசித்தவர். அந்த மேடைகளில் எடுத்த படங்களைப் பாருங்கள், வயலினும் தவிலும் ஒரே சட்டத்துக்குள் சமமாக இருக்கும். பக்கவாத்தியக்காரரைப் பக்கத்தில் வைத்தே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

கரகாட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடுகிற பெண்களைக் கீழேயிருந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் முன்னால் நிற்கும். கேமரா பெரிதாக இருப்பதால் நம்மையும் அந்தக் கூட்டத்தோடுதான் சேர்ப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன்பே போய், ‘அக்கா, நான் படம் எடுக்கலாமா? எடுத்ததை உங்களுக்குக் காட்டுகிறேன்’ என்று கேட்பது என் வழக்கம். வேண்டாம் என்றால் மேளக்காரர்கள் பக்கம் திரும்பிவிடுவேன். கரகம் தலையில் நிற்கும் சமநிலையும் கழுத்து நரம்பும்தான் அந்தக் கலையின் உயிர், அதற்குக் கண் மட்டத்தில் நின்றால் போதும்.

குறைகளும் உண்டு. 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டத்தின் நடுவிலேயே கூடிக் கிடக்கின்றன. முகத்தை ஓரத்தில் வைக்க நினைத்தால் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவை நகர்த்த வேண்டும். எஃப் 1.8-இல் அந்த நகர்த்தலே கூர்மையைக் கெடுக்கும், எஃப் 2.5 பக்கம் போனால் சமாளிக்கலாம். பின்திரை மடங்கும் வசதி கூட்டத்தின் தலைக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடிக்க உதவும். ஆனால் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கும். நின்று பாடுகிறவருக்குச் சரி, டிரம்ஸுக்கு ஆகாது. இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருப்பது பெரிய நிம்மதி. பேட்டரி, நிறுவனத்தின் கணக்குப்படி 1230 படம் வரை தாங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறொரு கம்பெனியின் பேட்டரி வாங்கினேன், அது ஒரே கோடையில் உப்பிப்போனது. அசல் பேட்டரியோடு நிற்பதே நல்லது.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எடுக்குமுன்பே வெளிச்சம் திரையில் தெரிவது மேடைக்கு நிச்சயம் வசதிதான். ஆனால் பலரும் ஆசைப்படும் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டர், சென்சாரை வரி வரியாக மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் எல்இடி கோட்டை இன்னும் மோசமாக்கும். வாங்கினாலும் நம்ம மேடைக்கு மெக்கானிக்கல் ஷட்டரில்தான் வைக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு நான் மாறவில்லை. மிச்சமாகும் பணத்தில் பிரிண்ட் போடுகிறேன்.

படத்தை எடுத்ததோடு வேலை முடியவில்லை, அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஃபிளெக்ஸ் போடுகிற கடைக்காரர் பெரிதாக்கும்போது முகம் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 6016-க்கு 4016 பிக்சல் அளவு அப்படியே போகும். ராத்திரி பத்து மணிக்குமேல் மைக் கூடாது என்பதால் இப்போது பல கச்சேரிகள் சீக்கிரமே முடிந்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்து உட்கார நேரம் இருக்கும். குழுவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு படம் தேர்ந்தெடுத்து, பேட்காரருக்கும் கோரஸ் பாடிய பெண்ணுக்கும் முதலில் அனுப்புங்கள். சீசனில் மறுநாள் சாயங்காலத்துக்குள் அவர்கள் வேறு ஊர் மேடையில் இருப்பார்கள், அடுத்த ஃபிளெக்ஸுக்கும் ஆர்டர் போயிருக்கும்.