ஜப்பானில் எந்த ரயில் அட்டை வாங்கலாம்? மிச்சப் பணத்தை வைத்து ஓர் அலசல்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பணம் கட்ட இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முன்கூட்டியே பணம் ஏற்றி வாயிலில் ஒற்றிவிட்டுப் போகும், உள்ளூர் மக்களே பயன்படுத்தும் சாதாரண பிளாஸ்டிக் அட்டை: தோக்கியோ பக்கம் சுயிகா அல்லது பாஸ்மோ, ஓசாக்கா பக்கம் இகோகா. இரண்டு, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கப்படும் வெல்கம் சுயிகா. மூன்று, அதே அட்டையைக் கைப்பேசிக்குள் ஏற்றிக்கொள்வது. நான்கு, அட்டையே வாங்காமல் கையில் இருக்கும் கிரெடிட் கார்டை நுழைவாயிலில் காட்டிவிட்டுப் போவது. குடும்பத்தோடு போன எங்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண இகோகாவைத்தான் வாங்கினேன். மறுபடியும் போனால் அதையேதான் வாங்குவேன். ஏன் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

எந்த அட்டை எந்த ஊரில் செல்லும் என்ற கவலையை முதலில் ஒதுக்கிவிடலாம். 2013 மார்ச் 23 முதல் ஜப்பானின் பத்து முக்கிய அட்டைகளும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று செல்லும்படி இணைக்கப்பட்டுவிட்டன. ஓசாக்காவில் வாங்கிய இகோகாவைத் தோக்கியோ சுரங்க ரயிலில் காட்டலாம். தோக்கியோவில் வாங்கிய சுயிகாவை ஃபுகுவோக்காவில் காட்டலாம். எல்லா அட்டைக்குள்ளும் இருப்பது சோனியின் ஃபெலிகா சில்லுதான், அதனால் வேகத்திலும் வித்தியாசம் இல்லை. எதிலும் 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. எதுவும் சொல்லும்படியான தள்ளுபடி தருவதில்லை. நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்தந்தப் பயணத்துக்கான கட்டணம் கழிந்துகொண்டேதான் இருக்கும். 'பாஸ்' என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஊருக்குத் திரும்பும் நாளில்தான். அட்டைக்குள் மிச்சம் இருக்கும் பணம் என்ன ஆகிறது என்பதை வைத்தே இந்த நான்கையும் தரம் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குகிற நாளில் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. விமான நிலையக் களைப்பில் எந்த வரிசை சின்னதாக இருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றும்.

சாதாரண அட்டையின் கணக்கு இதுதான். இகோகா 2,000 யென். அதில் 500 யென் முன்பணம், மீதி 1,500 யென் பயணத்துக்கு. சுயிகாவுக்கும் அதே 500 யென் முன்பணம்தான். திருப்பிக் கொடுக்கும்போது முன்பணம் முழுவதும் கைக்கு வந்துவிடும். ஆனால் அட்டையில் உள்ள இருப்பிலிருந்து 220 யென்னைக் கையாளும் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். இங்கேதான் சூட்சுமம். இருப்பு 700 யென் என்றால் 220 போக 480, அதோடு முன்பணம் 500, ஆக 980 யென் கிடைக்கும். இருப்பு 180 யென்தான் என்றால் அந்த 180-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 500-ஐக் கொடுப்பார்கள். முன்பணத்தில் கை வைக்க மாட்டார்கள். இருப்பு பூஜ்யம் என்றால் பிடித்தமே இல்லாமல் 500 யென் முழுதாக வரும். ஆக, அட்டையைக் காலி செய்துவிட்டுக் கொடுக்கிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

காலி செய்வது எளிது. ரயிலுக்கு வைத்திருக்கும் பணத்திலேயே கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தண்ணீர் பாட்டிலும் சோற்று உருண்டையும் வாங்கலாம், நிலைய லாக்கருக்கும் பானம் விற்கும் இயந்திரத்துக்கும் கட்டலாம். கடை கவுன்ட்டரில், அட்டையில் இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளும்படி கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடைசி இரண்டு மூன்று நாட்களில் பணம் ஏற்றும்போது கொஞ்சமாக ஏற்றுவதும் உதவும். டிக்கெட் இயந்திரத்தில் ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏற்ற முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நுழைவாயிலுக்கு உள்பக்கம் நிற்கும் கட்டணச் சரிக்கட்டு இயந்திரங்கள் பலவற்றில் பத்து யென் அளவில்கூட ஏற்றலாம். வெளியேறக் குறைவது 60 யென் என்றால் அறுபதையே போட்டுவிட்டுப் போகலாம். திரையில் ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தான் உண்டு. ஆனால் ரொக்கம் கையில் வேண்டும், இந்த இயந்திரங்களில் கிரெடிட் கார்டை நம்பிப் போகக் கூடாது.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு, அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அட்டையை வழங்கிய நிறுவனத்தின் எல்லைக்குள் மட்டுமே அதைத் திருப்பிக் கொடுக்க முடியும். சுயிகாவை அதை வழங்கும் ஜே.ஆர். கிழக்கு என்ற ரயில் நிறுவனத்தின் நிலையத்தில்தான் வாங்கிக்கொள்வார்கள். இகோகாவை ஜே.ஆர். மேற்கின் நிலையத்தில்தான். பயன்படுத்துவதற்கு நாடு முழுவதும் ஒன்று, திருப்பித் தருவதற்கு மட்டும் வேறு வேறு. ஓசாக்காவில் நின்றுகொண்டு சுயிகாவை நீட்டினால் பணிவாகக் குனிந்து மறுத்துவிடுவார்கள்.

அதனால் நான் கேட்கச் சொல்வது 'எந்த ஊரில் இறங்குகிறீர்கள்' என்பதல்ல, 'எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள்' என்பது. நாங்கள் ஓசாக்காவுக்கான கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி, கியோத்தோ, நாரா, தோக்கியோ எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பவும் கான்சாய் வழியாகவே கிளம்பினோம். இகோகா எங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணம் அதுதான். தோக்கியோவில் இறங்கித் தோக்கியோவிலிருந்தே கிளம்புகிறவருக்கு இதே காரணத்தால் சுயிகா. நரிட்டா விமான நிலையத்துக்கு அடியிலேயே ஜே.ஆர். கிழக்கின் ரயில் நிலையம் இருக்கிறது. தோக்கியோவில் இறங்கி ஓசாக்காவிலிருந்து கிளம்புகிறவர், ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறும் நாளில் தோக்கியோ நிலையத்திலேயே சுயிகாவைக் கொடுத்துவிட்டு, ஓசாக்காவில் இகோகா வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு நான்கைந்து முன்பணம் என்றால் அலைச்சலுக்கு அர்த்தம் இருக்கிறது.

பிளாஸ்டிக் அட்டையின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது கியோத்தோ நகரப் பஸ்ஸில். அங்கே பின்வாசலில் ஏறி, முன்வாசலில் ஓட்டுநர் பக்கம் இறங்கும்போது பணம் கட்ட வேண்டும். நகருக்குள் எங்கே இறங்கினாலும் பெரியவர்களுக்கு 230 யென். சில்லறை இல்லாதவர்கள் ஓட்டுநருக்கு அருகில் இருக்கும் இயந்திரத்தில் ஆயிரம் யென் நோட்டைச் செருகி, கொட்டும் நாணயங்களைப் பொறுக்கி, அதிலிருந்து சரியாக 230-ஐ எண்ணி, பக்கத்தில் உள்ள பெட்டியில் போட வேண்டும். பெட்டி மிச்சம் தராது. பின்னால் முப்பது பேர் நிற்க, நூறு எது ஐம்பது எது என்று பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த வெளிநாட்டவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா, சட்டைப் பையிலிருந்து இகோகாவை எடுத்து ஒற்றினார், பீப் என்றது, இறங்கிவிட்டார். மொழி வேண்டாம், கண்ணாடி போட்டுத் திரையைப் படிக்க வேண்டாம், சார்ஜ் போயிருக்குமோ என்ற பயம் வேண்டாம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும் என்று நினைக்கிறேன்.

வெல்கம் சுயிகாவுக்கு வருகிறேன். 2019 செப்டம்பரில் வந்தது, சிவப்பு வெள்ளையில் செர்ரிப் பூக்கள் போட்ட அழகான அட்டை. முன்பணம் கிடையாது என்பதே இதன் விளம்பரம். 28 நாட்கள் செல்லும். அதற்குப் பிறகு செல்லாது, மிச்சப் பணமும் திரும்பாது. வாங்கும்போது தரும் சான்றுத் தாளையும் கூடவே வைத்திருக்கச் சொல்கிறார்கள். முன்பணம் இல்லை என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வரப்போகும் 500 யென்னைக் கட்டாமல் தப்பிப்பதற்காக, திரும்பவே வராத இருப்பை ஏற்றுக்கொள்வது எனக்குச் சரியான பேரமாகத் தோன்றவில்லை. எங்களோடு தோக்கியோவில் சேர்ந்துகொண்ட நண்பர் குடும்பம் இதைத்தான் வாங்கியிருந்தது. கடைசி நாளில் ஒவ்வோர் அட்டையிலும் இருந்ததைத் தீர்ப்பதற்காக வேண்டாத இனிப்புகளை வாங்கிக் குவித்தார்கள்.

இதற்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. தோக்கியோவில் இறங்கி வேறு பகுதியிலிருந்து கிளம்புகிறவர், கவுன்ட்டரில் நிற்க நேரமே இல்லாதவர், அட்டையை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஆகியோருக்கு இது நல்லதே. 2023 முதல் 2025 தொடக்கம் வரை நிலைமை வேறாகவும் இருந்தது. சில்லுத் தட்டுப்பாட்டால் 2023 கோடையில் சாதாரண சுயிகா, பாஸ்மோ விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பெயர் பதியாத அட்டைகள் 2025 மார்ச்சில்தான் முழுமையாகத் திரும்பி வந்தன. 'சுயிகா கிடைக்காது, வெல்கம் சுயிகாதான் ஒரே வழி' என்று அந்தக் காலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பொறுத்தவரை, ஐபோன் வைத்திருக்கிறீர்களா இல்லையா என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. ஐபோன் 8-க்குப் பிறகு வந்தவை எந்த நாட்டில் வாங்கியவையானாலும் ஃபெலிகாவைப் புரிந்துகொள்ளும். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் அது நடக்காது. என் மனைவி தன் ஐபோனில் சுயிகா ஏற்றிக்கொண்டாள். முன்பணம் இல்லை, இயந்திரத்தைத் தேட வேண்டாம், ரயிலில் உட்கார்ந்தபடியே பணம் ஏற்றலாம், இணையம் இல்லாவிட்டாலும் நுழைவாயில் திறக்கும். தனியாகப் போகிறவராக இருந்தால், ஐபோனும் இருந்தால், இதைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கிரெடிட் கார்டுகள் சிலவற்றிலிருந்து பணம் ஏற்ற முடியாமல் போவதுண்டு. மிச்சத்தைத் திரும்பப் பெற ஜப்பானிய வங்கிக் கணக்கு வேண்டும், சுற்றுலாப் பயணியிடம் அது இருக்காது. ஒரு கைப்பேசியை வைத்துக் குடும்பம் முழுவதையும் உள்ளே அனுப்பவும் முடியாது, ஆளுக்கு ஓர் அட்டை என்பது எல்லா வகைக்கும் பொது விதி. 2025 மார்ச்சில் ஐபோனுக்காக வந்த வெல்கம் சுயிகா மொபைல் செயலி 180 நாட்கள் வரை செல்கிறது. அதை நான் பயன்படுத்தியதில்லை என்பதால் அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கிரெடிட் கார்டைக் காட்டும் முறைதான் மிச்சப் பணப் பிரச்சினையை அடியோடு ஒழிக்கிறது. முன்கூட்டி ஏற்றுவதே இல்லையே, மிச்சம் எங்கிருந்து வரும்? கான்சாய் பகுதியில் ஓசாக்கா மெட்ரோ, ஹான்க்யூ, ஹான்ஷின், கின்தெத்சு ஆகியவை 2024 அக்டோபர் இறுதியில் இதைத் தொடங்கிவிட்டன. ஃபுகுவோக்கா சுரங்க ரயிலிலும் இருக்கிறது. ஆனாலும் இதை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிட நான் இன்னும் தயாராக இல்லை. பல நிலையங்களில் எல்லா வாயிலிலும் அந்தக் கருவி இருப்பதில்லை, அடையாளம் போட்ட வாயிலைத் தேடிப் போக வேண்டும். தோக்கியோவைச் சுற்றி ஓடும் யமனோத்தே உள்ளிட்ட ஜே.ஆர். பாதைகளுக்கு அட்டைதான் கைகொடுக்கும். உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சின்னப் பயணத்துக்கும் தனித்தனியாகப் பிடித்தால் தொகை சேர்ந்துவிடும். நான் ஓசாக்காவில் சில பயணங்களுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்திப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. ஒரு சில ஆண்டுகளில் என் கருத்து மாறலாம். ஏற்கெனவே குமமோத்தோவில் ஐந்து பஸ், ரயில் நிறுவனங்கள் பராமரிப்புச் செலவு தாளாமல் 2024 நவம்பரில் நாடு தழுவிய அட்டைகளைக் கைவிட்டுவிட்டன. அங்கே போகிறவர்கள் இகோகாவையோ சுயிகாவையோ நம்பிப் பஸ் ஏறக் கூடாது.

நான்குக்கும் பொதுவான தடை ஒன்று, சுருக்கமாக. அட்டையில் பணம் இருக்கிறது என்பதற்காக அதை ஒற்றிவிட்டு ஷின்கான்சென் ஏற முடியாது, அதற்குத் தனி டிக்கெட். சாதாரண ரயிலிலும் சுயிகா பகுதி போன்ற ஓர் அட்டைப் பகுதியில் உள்ளே நுழைந்து இன்னோர் அட்டைப் பகுதியில் வெளியேறினால் வாயில் திறக்காது. தோக்கியோவிலிருந்து மெதுவான ரயில்களில் மாறி மாறி நகோயா போக நினைப்பவர்கள் காகித டிக்கெட் எடுப்பதே நல்லது.

குழந்தைகளுக்கு ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை பாதிக் கட்டணம் உண்டு, அதற்கான அட்டையைப் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கவுன்ட்டரில் வாங்க வேண்டும். எங்களோடு அந்த வயதில் யாரும் இல்லாததால் நடைமுறை எப்படி என்று அனுபவத்தில் சொல்ல முடியவில்லை.

கிளம்பும் நாளில் அப்பாவின் அட்டையைக் கொடுத்து 500 யென் நாணயத்தை வாங்கிவிட்டேன். என்னுடையதைக் கொடுக்கவில்லை. கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து ஆண்டுகள் வரை அது செத்துப்போகாது. வெல்கம் சுயிகாவால் ஒருபோதும் தர முடியாத வசதி இது. அடுத்த முறை இறங்கியதும் வரிசையில் நிற்காமல் நேரே ரயிலுக்குப் போகலாம். ஆனால் பெயர் பதியாத அட்டை தொலைந்தால் மறு அட்டை தர மாட்டார்கள், உள்ளே இருந்த பணமும் போய்விடும். ஆகவே வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் இருப்பை விமான நிலையம் வரைக்குமான கட்டணத்துக்கு இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.