கோத்தகிரிப் பக்கம் பேவர் பிளாக் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கேட்டிலிருந்து வாசல் வரை நல்ல சரிவு. வரி போட்ட கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டர், "கான்கிரீட் வெடிச்சிடும் சார், மலைக்கு பிளாக்தான்" என்றார். 80 எம்எம் கனம், அடியில் ஜல்லி போட்டுத் திமிசால் இடித்து இறுக்குவது, அதன்மேல் எம்சாண்ட் என்று கொட்டேஷனும் எழுதிக் கொடுத்தார்.

வந்து இறங்கியது ரப்பர் மோல்டில் வார்த்த சிவப்பு பிளாக். பார்க்க அழகுதான், பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்புதான் வினையே. மெஷினில் அழுத்தி எடுக்கும் பிளாக் சொரசொரப்பாக இருக்கும், கால் பிடிக்கும். இதுவோ ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்து பாசி படிந்ததும் வழுக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா சுவரைப் பிடிக்காமல் வாசலில் இறங்குவதில்லை. கார் மேலே ஏறும்போது டயர் சும்மா சுற்றுகிறது.

அப்புறம் கீழ் வரிசைகள் நழுவின, டயர் ஓடும் தடம் பள்ளமானது. உள்ளூர் மேஸ்திரி ஒருவர் சில பிளாக்கைப் பெயர்த்துக் காட்டினார். அடியில் ஜல்லியே இல்லை! செம்மண்மேல் கிரஷர் டஸ்டைத் தூவி அடுக்கியிருக்கிறார்கள். பிளாக்கின் கனம் 60 எம்எம். அடித்தளம் ஒழுங்காக இருந்தால் வீட்டுக் காருக்கு 60 போதும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என்னிடம் வாங்கியது 80-க்கான காசு.

லோடு வந்ததும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஜல்லி போட்டு இறுக்கும் நாளில் வீட்டில் ஆள் இருக்கட்டும், மூடிய பிறகு எதுவும் தெரியாது. சரிவில் கீழ் ஓரத்தில் முதலில் கான்கிரீட் கர்ப் (பிளாக் நழுவாமல் தாங்கும் ஓரத் தடுப்பு) கட்டி, அங்கிருந்து மேல்நோக்கித்தான் அடுக்கிவர வேண்டும்; எங்கள் வீட்டில் கர்ப்பே கிடையாது. மணலுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற அந்தக் கர்ப்பில் துளையும் வேண்டும். ரொம்பச் செங்குத்தான இடம் என்றால் வரி போட்ட கான்கிரீட்டே மேல் என்பது என் கருத்து. இடையிடையே ஜாயின்ட் விட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு ஆற்றினால் கண்டபடி வெடிக்காது.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "மலையில மண்ணு இறங்கத்தான் சார் செய்யும்" என்கிறார். பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு மட்டும் தவறாமல் போன் வருகிறது.