வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி தொல்லை தந்தால்: காப்பாற்றுவதா, பிடுங்குவதா?

கேப் போட்ட மேல் கடைவாய்ப்பல். அதற்கு மேலே ஈறில் கடுகளவு கொப்புளம். அழுத்தினால் உப்புக்கரிக்கும் சீழ். வலி அதிகமில்லை. "பிடுங்கிட்டு இம்பிளான்ட் வெச்சிடலாம்" என்றார் முதலில் பார்த்த மருத்துவர். தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து மேலே செயற்கைப் பல் வைப்பதுதான் இம்பிளான்ட். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேர் சிகிச்சை (ரூட் கெனால்) நிபுணர் ஒருவரிடம் போனேன்.

ஸ்கேனில் காரணம் தெரிந்தது. அந்தப் பல்லுக்கு வேர் மூன்றுதான், ஆனால் உள்ளே நரம்பு ஓடும் கால்வாய் பெரும்பாலும் நான்கு இருக்கும். நான்காவது மயிரிழை போல ஒளிந்திருக்கும். முதல்முறை அது தப்பிவிட்டது, கிருமி அங்கேயே தங்கிவிட்டது. மறுசிகிச்சையில் கேப்பைக் கழற்றி, கால்வாயை அடைத்திருந்த ரப்பர் போன்ற பழைய கட்டா பெர்ச்சாவைச் சுரண்டி எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி, சோடியம் ஹைபோகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, மருந்து வைத்து, பிறகு அடைக்கிறார்கள். நாள் பிடிக்கும், புது கேப்புக்கும் செலவு உண்டு. ஆனாலும் பெரும்பாலும் இம்பிளான்ட்டைவிடக் குறைவுதான்.

கால்வாய் நன்றாக அடைபட்டிருந்து வேர்நுனியில் மட்டும் சீழ் நின்றால், ஈறைத் திறந்து நுனியில் சுமார் 3 மி.மீ. வெட்டி அடைக்கும் சிறு அறுவை உண்டு. கேப்பைத் தாங்க வேருக்குள் இறக்கிய பெரிய கம்பி (போஸ்ட்) இருந்து கழற்ற முடியாதவர்களுக்கும் இதுவே வழி.

இம்பிளான்ட் மோசமில்லை. சொத்தை வராது, பக்கத்துப் பல்லைத் தொடாது. ஆனால் டைட்டானியத்தோடு எலும்பு ஒட்ட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேல் கடைவாயில் சைனஸ் அறை பக்கத்திலேயே இருப்பதால் சிலருக்கு எலும்பு வைத்துக் கட்டவும் நேரும். அப்புறம், சோற்றில் சிறு கல் கடிபட்டால் சட்டென்று தாடை நிற்கிறதே, அந்த உணர்வைத் தருவதில் வேரைச் சுற்றிய நாருக்குப் பெரிய பங்கு உண்டு. இம்பிளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது. பக்கத்துப் பற்களில் தாங்க வைத்துக் கட்டும் பிரிட்ஜுக்கோ நல்ல பல் இரண்டை அராவ வேண்டும். அதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ, கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேல் பல்சுவர் மிஞ்சாவிட்டாலோ, பிடுங்குவதுதான் சரி. இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லாமல் யாரும் குறடை எடுக்க விடாதீர்கள்.

எனக்கு விரிசல் இல்லை. மறுசிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் கொப்புளம் வற்றியது. ஆறாம் மாத எக்ஸ்ரேயில், கிருமியால் எலும்பு கரைந்த இடத்தைக் காட்டும் வேர்நுனியின் கறுப்பு நிழல் பாதியாகியிருந்தது. அடுத்த படம் தை மாதம்.