துப்பாக்கிச் சட்டம்: நம்மூர்க் கெடுபிடியா, அமெரிக்கத் தாராளமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டை டீக்கடையில் மச்சானோடு தினமும் இதே வாக்குவாதம். "அமெரிக்கா மாதிரி ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தா ரவுடிங்க வாலாட்டுவானுங்களா?" என்கிறார்.

வாங்குவது: இங்கே இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம், போலீஸ் விசாரணை. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டுதான்.
அங்கே: பல மாநிலங்களில் கடைக்குப் போய் அன்றே வாங்கி வரலாம்.

கொலை, 2022இல்: இங்கே லட்சம் பேருக்குச் சுமார் 2.
அங்கே: 6க்கு மேல்; அதில் முக்கால்வாசிக்கு மேல் துப்பாக்கியால்.

சட்டம் மட்டுமே காரணமில்லை, சரி. புதுச்சேரியில் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும் புழங்குகின்றன. ஆனாலும் அரிவாளுக்குத் தப்பி ஓடலாம். தோட்டாவுக்கு ஓட முடியுமா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பில் தனியாக இருப்பவர் உரிமம் கேட்கட்டும். மச்சானுக்குக் கெடுபிடிதான் சரி. கோபம் வந்தால் டீ கிளாஸையே வீசுகிற ஆள்.