கையெழுத்துகளை எண்ணும் குறியீடு: லூகர் மையத்தின் தரவரிசைச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் இணைந்து சட்டம் இயற்ற முடியுமா என்ற கேள்விக்குப் பேச்சில் விடை சொல்வோர் ஏராளம். எண்ணில் விடை சொல்ல முனைந்தோர் சிலரே. அம்முயற்சிகளுள் பரவலாக அறியப்பட்டது, ஆய்வமைப்பான லூகர் மையமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மெக்கோர்ட் பொதுக்கொள்கைப் பள்ளியும் சேர்ந்து உருவாக்கிய இருகட்சிக் குறியீடு. 2015-இல் அறிமுகமான இச்சேவையை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். செனட் உறுப்பினர்களையும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களையும் எதிர்க்கட்சியினரோடு ஒத்துழைக்கும் அளவைக் கொண்டு அது வரிசைப்படுத்துகிறது. உயர்ந்த இடம் பெற்றவர்கள் அதைத் தேர்தல் விளம்பரத்தில் எடுத்துக்காட்டுவதும் உண்டு. ஆகவே இந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்று ஆராய்ந்து பார்ப்பது தேவையாகிறது.

கணக்கிடும் முறை எளிமையானது. ஓர் உறுப்பினர் எதிர்க்கட்சியினரின் மசோதாக்களில் எத்தனை முறை இணை முன்மொழிபவராகக் கையெழுத்திடுகிறார், அவருடைய மசோதாக்களுக்கு எதிர்க்கட்சியினர் எவ்வளவு முன்வந்து கையெழுத்திடுகிறார்கள் என்ற இரண்டும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. பின்னர் 1993 முதலான நீண்ட காலச் சராசரியோடு, அவர் பெரும்பான்மைக் கட்சியில் இருக்கிறாரா சிறுபான்மைக் கட்சியில் இருக்கிறாரா என்பதையும் கருதி, ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறார்கள். பூச்சியத்துக்கு மேலிருந்தால் வரலாற்றுச் சராசரியை விட நன்று; 1-ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு; மைனஸ் 1-க்குக் கீழே போனால் மிக மோசம்.

இம்முறையின் பலம் அதன் நடுநிலை. ஒருவர் வலதுசாரியா இடதுசாரியா என்று குறியீடு கேட்பதில்லை. கொள்கையில் உறுதியானவரும், எதிர்த்தரப்பில் கூட்டாளி தேடத் தெரிந்தவராக இருந்தால், உயர்ந்த இடத்தைப் பெற முடியும். அஞ்சல் நிலையத்துக்குப் பெயர் சூட்டுவது போன்ற, எவரும் எதிர்க்காத சடங்கு மசோதாக்களைக் கணக்கிலிருந்து நீக்கியிருப்பதும் பாராட்டத்தக்கது. வெறும் வாக்குப்பதிவை மட்டும் வைத்து அளந்திருந்தால், எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரவேண்டும் என்று முடிவு செய்யும் கட்சித் தலைமையின் விருப்பமே முடிவுகளில் எதிரொலித்திருக்கும். ஒரு மசோதாவில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் உறுப்பினரின் சொந்தத் தீர்மானம் என்பதால், அவருடைய மனப்போக்கைக் காட்ட அது தகுந்த சான்றுதான்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. மசோதாவில் கையெழுத்திடுவதற்குப் பெரும்பாலும் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒவ்வொரு ஈராண்டுக் காலத்திலும் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் முன்வைக்கப்பட்டு, சில நூறு மட்டுமே சட்டமாகின்றன. எஞ்சியவை குழுக்களில் கிடந்து காலாவதியாகின்றன. அவ்வாறு காலாவதியான தாளில் இட்ட கையெழுத்தும், இரவு பகலாகப் பேரம் பேசி நிறைவேற்றிய சட்டத்தில் இட்ட கையெழுத்தும் இந்தக் கணக்கில் ஒரே தரத்தவை.

பெர்னி சாண்டர்ஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கட்சி சாராதவராக வென்று ஜனநாயகக் கட்சியினரோடு அமர்பவர் அவர்; செனட் பட்டியலின் அடிப்பகுதியில் பலமுறை இடம்பெற்றிருக்கிறார். ஆனால் 2014-இல், முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவின் தலைவராக இருந்தபோது, குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னுடனும், பிரதிநிதிகள் சபைக் குழுவின் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் ஜெஃப் மில்லருடனும் பேச்சு நடத்தி, படைவீரர் மருத்துவச் சேவையைச் சீர்திருத்தும் சட்டத்தை நிறைவேற்ற வைத்தவரும் அவரே. இரு தரப்பும் தாம் விரும்பாத கூறுகளை ஏற்றுக்கொண்ட உடன்பாடு அது. இருகட்சி ஒத்துழைப்பு என்று சொல்லத் தகுதியான ஒன்று உண்டென்றால் இதுதான்; எனினும் பல நூறு மசோதாக்களுக்கு நடுவே அது ஒரே ஒரு மசோதாவாகக் கரைந்துபோகிறது.

மறுபக்கம், தோற்ற முயற்சிகளும் குறியீட்டின் கண்ணில் படுவதில்லை. குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டும், ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபியும், கட்சி சாராத கிர்ஸ்டன் சினிமாவும் மாதக்கணக்கில் பேசி உருவாக்கிய எல்லைப் பாதுகாப்பு ஏற்பாடு, 2024 பிப்ரவரியில் செனட்டில் தேவையான 60 வாக்குகளை எட்டவில்லை. அதற்காக லாங்க்ஃபோர்ட் தம் கட்சிக்குள் ஏற்ற கண்டனத்தை எந்தக் கட்டத்தில் பதிவது? உடன்பாடுகளை இறுதியில் முடித்துவைக்கும், அவைகளின் கட்சித் தலைவர்களும் பட்டியலில் இல்லை. அவர்கள் அதிகம் மசோதா முன்மொழிவதில்லை என்ற காரணம் நியாயமானதே என்றாலும், ஒத்துழைப்பு நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பவர்களே அளவுகோலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இன்னொரு குறை நுட்பமானது. என் பார்வையில் இதுவே பெரியது. பூச்சியம் என்ற நடுக்கோடு 1993-க்குப் பிந்தைய காலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே இரு கட்சிகளும் விலகத் தொடங்கிவிட்டன. 1964 ஜூனில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க இழுத்தடிக்கப்பட்ட முடிவற்ற விவாதத்தை செனட் 71-க்கு 29 என்ற வாக்கில் முடித்துவைத்தபோது, எதிர்ப்பின் மையம் தென்மாநில ஜனநாயகக் கட்சியினரே. ஆளும் ஜனநாயகக் கட்சியின் தலைமை, செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான எவரெட் டர்க்சனின் துணையின்றி அந்த எண்ணிக்கையை எட்டியிருக்க முடியாது. அக்காலத்தில் இரு கட்சிகளிலும் பழமைவாதிகளும் முற்போக்கினரும் கலந்திருந்தார்கள். எனவே கட்சிக் கோட்டைத் தாண்டுவதற்குத் தனிப்பட்ட பெருந்தன்மை தேவைப்படவில்லை. தென்மாநிலப் பழமைவாதிகள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்த பிறகு அந்தக் கலப்பு அற்றுப்போயிற்று. (அந்தக் கலப்பையே குறையாகக் கண்டவர்களும் இருந்தார்கள்: கட்சிகளுக்கிடையே தெளிவான வேறுபாடு வேண்டும் என்று அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழு 1950-இலேயே வலியுறுத்தியது. கேட்டது கிடைத்துவிட்டது.) ஆகவே இன்று ஒருவர் பூச்சியத்துக்கு மேல் இருக்கிறார் என்றால், பிளவுபட்ட ஒரு காலத்தின் சராசரியை விடச் சற்று இணக்கமானவர் என்றுதான் பொருள்.

ஒத்துழைப்பு கூடினால் நன்மையும் கூடும் என்ற அனுமானமும் இந்தச் சேவையின் அடியில் இருக்கிறது. குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தான சில வாரங்களிலேயே, 1964 ஆகஸ்டில், வியட்நாம் போருக்கு வழிதிறந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டில் 88-க்கு 2 என்றும், பிரதிநிதிகள் சபையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமலும் நிறைவேறியது. 2002-இல் ஈராக் போருக்கான அனுமதி செனட்டில் 77-க்கு 23 என்று கிடைத்தது. இரண்டும் இருகட்சி முடிவுகளே. இரு தரப்பும் கேள்வி கேட்காமல் ஒன்றுபடுவது வேறு, ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லி ஒன்றுபடுவது வேறு. இணை முன்மொழிவுக் கணக்கு இவ்விரண்டையும் பிரித்தறியாது.

சரி, ஒத்துழைப்பு சாத்தியமா? லூகர் மையத்தின் பெயருக்குரியவரின் வாழ்க்கையே இதற்குப் பாதி விடை தருகிறது. இண்டியானாவின் ரிச்சர்ட் லூகர் 1977 முதல் 2013 வரை செனட்டில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர். 1991-இல் ஜனநாயகக் கட்சியின் சாம் நன்னோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த திட்டத்தால், முன்னாள் சோவியத் நாடுகளில் 7,500-க்கும் மேற்பட்ட அணுகுண்டு முனைகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அப்படிப்பட்டவர் 2012 மே மாதம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சி முதனிலைத் தேர்தலில் ரிச்சர்ட் மர்டாக்கிடம் ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். மாநிலத்தில் அவருக்குச் சொந்த வீடு இல்லாததும் ஒரு காரணம்தான். ஆனால் ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா நியமித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஆதரவாக வாக்களித்தது அவருக்கு எதிரான பிரசாரத்தில் ஓயாது ஒலித்தது. ஜனநாயகக் கட்சியினர் குடியரசுக் கட்சியின் கருத்துக்கு வந்து சேர்வதே இருகட்சி ஒத்துழைப்பு என்று வெற்றிக்குப் பின் மர்டாக் வெளிப்படையாகவே கூறினார். அந்த நவம்பரில் பொதுத்தேர்தலில் அவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ டோனலியிடம் தோற்றது வேறு கதை.

மீதிப் பாதி விடை செனட்டின் விதியில் இருக்கிறது. 1975 முதல் பெரும்பாலான மசோதாக்களின் விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தனித்து எட்ட முடியாத கட்சி, மறுதரப்பைத் தேடிப் போகிறது. 2018-இன் சிறைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 87 வாக்குகளும், 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு 69 வாக்குகளும் அவ்வாறு திரண்டவை. 60 தேவையில்லாமல் எளிய பெரும்பான்மையே போதுமான, வரவுசெலவு மசோதாக்களுக்கான தனிவழி திறந்திருந்தபோது, 2017-இன் வரிக்குறைப்பு ஜனநாயகக் கட்சியினர் ஒருவர்கூட இன்றியும், 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட இன்றியும் நிறைவேறின. உறுப்பினர்களின் குணத்தைக் காட்டிலும் இந்த வாசல்களின் அமைப்பே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. குறியீடோ குணத்தை மட்டுமே அளக்க முயல்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இச்சேவையை ஒதுக்கிவிட மாட்டேன். தொடர்ந்து பல ஆண்டுகள் செனட் பட்டியலின் உச்சியில் இருந்த மேய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், உள்கட்டமைப்புச் சட்டத்தை ஆதரித்த 19 குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். பிரதிநிதிகள் சபையில் பலமுறை முதலிடம் பெற்ற பென்சில்வேனியாவின் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக், அங்கே ஆதரித்த 13 பேரில் ஒருவர். விலையற்ற கையெழுத்தை அளந்த எண், விலையுள்ள வாக்கையும் ஓரளவு முன்கூட்டியே சுட்டியிருக்கிறது. எனவே ஓர் உறுப்பினரைப் பற்றி அறியத் தொடங்கும் வாசகர் முதலில் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், சர்ச்சைக்குரிய நான்கைந்து மசோதாக்களில் அவர் அளித்த வாக்கையும், அவருடைய தொகுதியில் உட்கட்சிப் போட்டி எவ்வளவு கடுமையானது என்பதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். அந்த 13 பேரில் மேற்கு வர்ஜினியாவின் டேவிட் மெக்கின்லியும் ஒருவர். தொகுதிகள் மறுசீரமைக்கப்பட்டதால், 2022-இன் முதனிலைத் தேர்தலில் தம் கட்சியின் இன்னொரு உறுப்பினரான அலெக்ஸ் மூனியை அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. உள்கட்டமைப்பு வாக்கே அவருக்கு எதிரான முக்கியக் குற்றச்சாட்டாக முன்வைக்கப்பட, அவர் தோற்றார்.