அஞ்சு வருஷம் டிரெய்லர் இழுத்தாச்சு: டோ ரேட்டிங்கை நம்பி நாங்க ஏமாந்த கதை

நானு, வீட்டுக்காரரு, ரெண்டு பசங்க, இந்த நாலு பேரும் அஞ்சு வருஷமா ஒரு டிராவல் டிரெய்லரை (படுக்கை, பாத்ரூம் எல்லாம் இருக்குற, வண்டி பின்னாடி மாட்டி இழுக்குற சின்ன வீடு) இழுத்துக்கிட்டு சுத்துறோம். டிரெய்லர் ஆரம்பத்துல வாங்கின அதேதான், ஆனா இழுக்குற வண்டி இது ரெண்டாவது. முதல் வண்டியை ஒன்றரை வருஷத்துலயே மாத்த வேண்டியதாப் போச்சு, அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

எங்ககிட்ட ஏற்கனவே ஏழு சீட்டர் எஸ்யூவி இருந்துச்சு, டோ ரேட்டிங், அதாவது வண்டி அதிகபட்சம் இழுக்கக்கூடிய எடை, 2,700 கிலோ. பார்த்து வச்ச டிரெய்லர் காலியா 1,900 கிலோ. அதான் 800 கிலோ மிச்சம் இருக்கேன்னு நாங்களும் நெனச்சோம், வித்தவரும் கண்ணை மூடிட்டு இழுக்கும்னு சொன்னாரு. முதல் டிரிப்புல வண்டி பின்னாடி உக்காந்து மூக்கு மேல தூக்கிக்கிச்சு, எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட்டை டிம் பண்ணச் சொல்லி ஃபிளாஷ் அடிக்கிறாங்க, ஆனா லைட் டிம்லதான் இருக்கு! ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போறப்ப டிரெய்லர் இப்படியும் அப்படியுமா ஆட ஆரம்பிச்சுது பாருங்க, வயிறே கலங்கிடுச்சு.

வந்ததும் எடை மேடையில ஏத்திப் பார்த்தோம். துணிமணி, பாத்திரம், கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணி எல்லாம் சேர்ந்து டிரெய்லர் 2,300 கிலோ. (தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, 100 லிட்டர் ரொப்பினா 100 கிலோ, இது கூட எங்க மண்டையில அப்ப உறைக்கல.) சரி, 2,700க்குள்ளதானே இருக்கு, அப்புறம் என்ன பிரச்சனைன்னா, பேலோடு. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், வண்டிக்குள்ள ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான்னு போட்டிருக்கும். எங்களுக்கு 590 கிலோ. நாங்க நாலு பேர் 260, டிக்கியில சாமான் சைக்கிள் எல்லாம் 120, ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோட மாட்டுற இணைப்பு) 40, அதுக்கு மேல டிரெய்லரோட முன்பக்கம் ஹிட்ச் மேல அழுத்துற டங் வெயிட் 290. கூட்டினா 710. அதாவது 120 கிலோ ஓவர்!

டங் வெயிட்டைக் குறைக்கலாம்னு சாமானை டிரெய்லர் பின்பக்கம் அடுக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு அந்த ஐடியாவைக் கொடுத்தாரு, நல்லவேளை செய்யல. லோடு பண்ணின டிரெய்லர் எடையில 10லேர்ந்து 15 சதவீதம் முன்னாடி அழுத்தணும், அதுக்குக் கீழ போனா ஆட்டம் இன்னும் மோசமாகும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பின்னாடி அழுத்துற எடையை முன் சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கறது) போட்டா மூக்கு கீழ இறங்கும், ஸ்டியரிங் கைக்கு வரும், ஆனா ஸ்டிக்கர்ல இருக்குற நம்பர் அதிகமாகிடாது, இது புரிய எங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு. அப்புறம் ஆட ஆரம்பிச்சா பதறி பிரேக்கை மிதிக்கக்கூடாது, ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை மெதுவா எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா புடிச்சுக்கிட்டு, பிரேக் கன்ட்ரோலர்ல (டிரெய்லர் பிரேக்கை இயக்க டிரைவர் கிட்ட இருக்குற கருவி) லீவரைக் கையால அமுக்கி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடணும். அந்த லீவர் எங்க இருக்குன்னு கண்ணு தேடக்கூடாது, கை தானா போகணும், அதனால காலி ரோட்டுல நாலு தடவை பழகிக்கோங்க.

அப்புறம்தான் பிக்கப் வாங்கினோம். இதுலயும் ஒரு கூத்து, ஒரே மாடல்ல ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்குது, சன்ரூஃப், பெரிய சக்கரம்னு எல்லாம் வச்சதுல பேலோடு 620, சாதா வண்டியில 780. வீட்டுக்காரருக்கு சன்ரூஃப் மேல ஒரு கண்ணு. நான் சாதாவைத்தான் எடுக்க வச்சேன். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தூரம்) நீளம்கறதால லாரி தாண்டினா இப்ப லேசா ஒரு அசைவு, அவ்வளவுதான். பெட்ரோல்தான் குடிக்குது, டிரெய்லரோட போனா மைலேஜ் கிட்டத்தட்ட பாதி.

டிரெய்லரைப் பத்திச் சொல்லணும்னா பங்க் பெட் இருக்குறதை எடுத்தது சரியான முடிவு. டைனிங் டேபிளை தினம் ராத்திரி பெட்டா மாத்தணும்கற மாடலும் பார்த்தோம், ரெண்டு நாள் ஜாலியா இருக்கும், மூணாவது நாள் சண்டை வரும். பார்க்கப் போறப்ப கதவைச் சாத்திட்டு குடும்பமா அரை மணி நேரம் உள்ள உக்காருங்க. ஸ்லைடை (நிறுத்தின பிறகு இடம் பெருசாக வெளிய தள்ளுற பகுதி) உள்ள தள்ளிட்டு பாத்ரூமுக்குப் போக முடியுதான்னும் பாருங்க, வழியில அவசரம்னா அதுதான் உதவும்.

நாங்க வாங்கினது பழசு. வாங்குறப்ப மூலை மூலையா தரையை மிதிச்சுப் பார்த்தேன், மெத்துன்னு இருந்தா தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம். அதுல தப்பிச்சோம், ஆனா ரெண்டாவது வருஷம் கூரை வென்ட் ஓரத்துல சீலன்ட் வெடிச்சு மேல் பங்க் மெத்தை நனைஞ்சுடுச்சு. அதுலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை நானே ஏறிப் பார்த்துடறேன். டயர் பட்டன் தேயாம புதுசு மாதிரிதான் இருந்துச்சு, ஆனா பக்கவாட்டுல கடைசி நாலு நம்பரைப் பார்த்தா (வாரமும் வருஷமும்) ஏழு வயசு. நாலையும் மாத்திட்டோம். பல டிரெய்லர் டயருக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் லிமிட், நாங்க 90, 95க்கு மேல போறதே இல்ல.

டாய்லெட் டேங்க் வால்வை எப்பவும் மூடியே வைங்க, ரொம்பின பிறகுதான் திறக்கணும். திறந்தே வச்சா தண்ணி மட்டும் போயிடும், மத்தது உள்ள மலை மாதிரி தங்கிடும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

ரிவர்ஸ் எடுக்கறது நான். ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் கையை வச்சுக்கிட்டு, டிரெய்லர் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினா போதும். வீட்டுக்காரரு பின்னாடி நின்னு கையாட்டுவாரு, கண்ணாடியில அவரு தெரியலன்னா வண்டியை நிறுத்திடுவேன், அது ஒண்ணுதான் ரூல்.

இப்ப பெரியவனுக்கு கால் பங்க்லேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, பெரிய டிரெய்லர் வாங்கலாம்மான்னு நச்சரிக்கிறான். போன மாசம் மறுபடி கணக்குப் போட்டேன். பசங்க ரெண்டு பேரும் சேர்ந்து 40 கிலோ ஏறியிருக்காங்க, 780ல மிச்சம் 30 கிலோ. அவனைக் குறுக்க படுத்துக்கோன்னு சொல்லிட்டேன்.